ஆவணி இதழில் இடம் இருக்கிறது

தமிழ்நாட்டிலேயே விவரம் தெரிந்த மக்கள் எங்கள் தொகுதி மக்கள்தான். இதை நான் சொல்லவில்லை. எங்கள் சட்டமன்ற உறுப்பினர் ரத்தினசாமி சொல்கிறார், அதுவும் மாதா மாதம், வழவழப்பான தாளில், நாலு கலரில். 'தொகுதித் தென்றல்' என்று அதற்குப் பெயர். குழாயில் தண்ணீர் எந்தக் கிழமை வரும் என்பது எங்கள் ஊரில் குழாய்க்கே தெரியாது. ஆனால் தமிழ் மாதம் பிறந்த அன்று காலையில் தென்றல் வாசலில் வந்து விழுந்துவிடும். அதில் ஒரு நாள் தவறியதில்லை.

ஜெயித்த புதிதில் ரத்தினசாமிக்கு ஓர் ஆசை வந்தது. தான் செய்வதெல்லாம் மக்களுக்குத் தெரிய வேண்டும். நியாயமான ஆசைதான். செய்ய வேண்டும் என்று ஆசைப்படுவதைவிட இதில் அலைச்சலும் குறைவு. அவருடைய மச்சினர் தங்கச்சாமிக்கு சிவகாசியில் அச்சகம் இருந்தது. மாதம் ஓர் இதழ் அடித்துக் கொடு என்று கேட்டபோது தங்கச்சாமி தலையைச் சொறிந்தார். ஆடிப்பெருக்கன்று புது வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பத்துக்குப் பூசை போட்டுவிட்டால் மார்கழி முடியும்வரை சிவகாசியில் எந்த மிஷினும் நிற்காது.

"அத்தான், சீசன்ல எம் பொண்டாட்டி கேட்டாக்கூட மிஷின் கெடைக்காது. பங்குனியில சும்மாத்தான் நிக்கும். வருசம் பூராத்துக்கும் உள்ள இதழை அப்பமே அடிச்சுக் கட்டி வச்சிருவோம். மாசம் பொறந்தா ஒரு கட்டைப் பிரிச்சுப் போடுங்க."

"ஏலே மாப்ளே, நடக்காததை எப்படிலே அடிக்க?"

"அடுத்த தையில எது முகூர்த்த நாளு, எது ஆகாத நாளுன்னு இந்த ஆடியிலயே காலண்டர்ல அடிச்சு ஊரு பூரா விக்கலையா? அதை நம்பி எந்தக் கல்யாணம் நின்னு போச்சு?"

ரத்தினசாமி ஒத்துக்கொண்டார். அந்தப் பங்குனியிலேயே ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, ஒரு வருடத்துக்கான சாதனைகளை ஒரே நாளில் படம் எடுத்து முடித்தார்கள். அவர் உடுத்துவது எப்போதும் வெள்ளை என்பதால் தோளில் போடும் துண்டை மட்டும் மாற்றினால் போதுமாக இருந்தது. மக்கள் வேண்டுமே? அச்சகத்தில் தாள் மடிக்கிற பெண்களை வேனில் ஏற்றி வந்தார்கள். அதே பெண்கள் ஆனி இதழில் தையல் மிஷின் வாங்கினார்கள், ஆடி இதழில் ஆட்டுக்குட்டி வாங்கினார்கள், ஐப்பசி இதழில் துக்க வீட்டில் அழுதார்கள். அழுகை மட்டும் சரியாக வரவில்லை என்று மூன்று தடவை எடுத்ததாகக் கேள்வி.

அதன்பிறகு சட்டமன்ற உறுப்பினரின் வேலை ரொம்பச் சுலபமாகிவிட்டது. காலையில் எழுந்து அந்த மாதத்து இதழைப் பிரித்துப் பார்ப்பார். தான் என்ன செய்து முடித்துவிட்டோம் என்பது அதில் இருக்கும். முடிந்தால் போய்ச் செய்துவிட்டு வருவார். ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குச் சிறப்புப் பேருந்து விட்டதாகப் போட்டிருந்தது. அது அவர் பிறப்பதற்கு முன்பிருந்தே விடுகிறார்கள், அதனால் சிரமம் இல்லை. ஓடைப் பாலம் திறந்ததாகப் போட்டிருந்த மாதத்தில்தான் கொஞ்சம் இடித்தது, ஏனென்றால் பாலம் இல்லை. இருந்தாலும் கரையில் இரண்டு கம்பு நட்டு ரிப்பன் கட்டி வெட்டினார்கள். ஓடையில் தண்ணீரும் இல்லாததால் தலைவர்கள் மணலில் நடந்து அக்கரைக்குப் போனார்கள்.

கார்த்திகை இதழில் அவர் முழங்கால் வெள்ளத்தில் நின்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். பாவம், அந்தக் கார்த்திகையில் மழை பெய்யவில்லை. டேங்கர் லாரி வைத்து எங்கள் தெருப் பள்ளத்தில் தண்ணீர் நிரப்பினார்கள். லாரியைக் கண்டதும் எங்கள் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். வெள்ளம் பாதித்த பகுதிக்குள் பொதுமக்கள் வரக்கூடாது என்று அவர்களை விரட்டிவிட்டார்கள்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்லலாம். ஒன்பதாம் பக்கத்தைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஒன்பதாம் பக்கம் இரங்கல் பக்கம். எங்கள் பக்கம் மழையை நம்ப முடியாதே தவிர, பட்டாசு ஆலை வெடிக்கும் என்பதை நம்பலாம். தீபாவளி ஆர்டர் நெருக்குகிற ஆவணியில் கட்டாயம் ஒன்று இருக்கும் என்று தங்கச்சாமி கணக்குப் போட்டு, "ஆலை விபத்தில் உயிரிழந்த" என்று அடித்து, கீழே மூன்று பெயருக்குப் புள்ளிக்கோடு விட்டிருந்தார். கணக்கு தப்பவில்லை. ஆனால் அந்த ஆவணியில் செத்தது ஐந்து பேர். வீடு வீடாக வந்து, ஏற்கெனவே போட்டிருந்த இதழ்களை வாங்கி மூன்று பெயரைக் கையால் எழுதி நிரப்பினார்கள். விட்டுப்போன இரண்டு வீட்டாரும், எங்கள் பிள்ளை பெயர் இல்லையே என்று தொகுதி அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே எல்லாவற்றையும் கவனிப்பது ஊர்க்காவலன், எம்.எல்.ஏ.வின் உதவியாளர்.

"வருத்தப்படாதீக. புரட்டாசி இதழ்ல எடம் இருக்கு, அதுல போட்டுருவோம்" என்றார்.

புரட்டாசியில் விபத்து எதுவும் நடக்கவில்லை. இடம் அப்படியே இருந்தது. "ஒங்க நல்ல நேரம்" என்று சொல்லித்தான் அந்த இரண்டு பெயரையும் எழுதிக்கொண்டாராம்.

இது முதல் வருடம். சங்கிலிமுத்து தென்றலில் மாட்டியது இரண்டாம் வருடம்.

சங்கிலிமுத்து எம். புதுப்பட்டிக்காரர். பட்டாசுக் கம்பெனிகளில் லாரிக்கு லோடு ஏற்றுவது அவர் வேலை. அவர் மனைவி அருணாதேவி தரைச்சக்கரப் பட்டாசு சுற்றுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். தை மாதத்தில் ஒரு நாள் அவர் இருந்த அறையில் தீப்பிடித்தது. பேப்பரில் வருகிற அளவுக்குப் பெரிய தீ இல்லை. யாரும் சாகவில்லை. அருணாதேவியின் வலது கை மட்டும் வெந்தது. புண் ஆறியபோது நாலு விரலும் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டு ஆறியது. மூடிய கை மூடியதுதான், பிறகு திறக்கவில்லை.

அவருக்கு வலி பெரிதாகத் தெரியவில்லை. இடது கையால் சாப்பிடுவதுதான் ஆகவில்லை. வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார். விசேஷ வீட்டில் பந்திக்குக் கூப்பிட்டால் பசிக்கவில்லை என்பார். சொந்தத் தங்கை மகள் சடங்குக்குப் போய்விட்டுப் பட்டினியாகத் திரும்பி வந்தார். அன்றைக்குச் சங்கிலிமுத்து சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டார். "நான் என்ன பச்சப்புள்ளையா?" என்று சத்தம் போட்டுவிட்டு, அழுதுகொண்டே வாங்கிச் சாப்பிட்டார்.

அரசு ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டு மாற்றிய நர்ஸ் ஞானஜோதிதான் வழி சொன்னார். "வெளியூர் டாக்டருங்க வருசத்துக்கு ஒருக்க இங்கன முகாமுக்கு வர்றாக. ஒட்டுன வெரலைப் பிரிச்சு, தோல் வச்சுத் தைப்பாக. ஆனா இந்த வருசத்துக்குள்ள பண்ணிரணும் அருணா. தள்ளிப்போச்சுன்னா உள்ள மூட்டு இறுகிரும். பெறகு ஆண்டவரே வந்து பிரிச்சாலும் வெரல் அசையாது."

"முகாம் என்னைக்கு சிஸ்டர்?"

"அதை எம்மெல்லே ஆபீஸ்லதான் அறிவிக்கணும். எந்தத் தகவல்னாலும் அவுக பத்திரிகையிலதான் மொதல்ல வரணும்னு உத்தரவு. அதுக்கு முந்தி நாங்க வாயைத் தொறந்தா மெமோ."

மாசி மாதத்தில் இருவரும் தொகுதி அலுவலகத்துக்குப் போய் மனு கொடுத்தார்கள். ஊர்க்காவலன் பெயர், ஊர், கையின் நிலைமை எல்லாம் கேட்டு அக்கறையாக எழுதிக்கொண்டார். மனு வாங்கினால் பதில் தராமல் விடுகிற ஆபீஸ் இது இல்லை என்று சொல்லி அனுப்பினார். சங்கிலிமுத்து அதை நம்பினார். அதிலிருந்து தென்றல் வருகிற ஒவ்வொரு மாதமும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை எழுத்துக் கூட்டிப் படித்தார். ரத்தினசாமியின் குடும்பத்தார் தவிர அந்த இதழை அப்படிப் படித்தவர் தொகுதியிலேயே அவர் ஒருவர்தான்.

புரட்டாசி முதல் தேதி ஏழாம் பக்கத்தில் முகாம் வந்திருந்தது. 'தீக்காய மறுவாழ்வு அறுவை சிகிச்சை முகாம் சீரோடும் சிறப்போடும் நடந்து முடிந்தது' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே படம். ரத்தினசாமி பச்சைத் துண்டு போட்டுக்கொண்டு நிற்கிறார். அவர் எதிரே ஒரு பெண் இரண்டு கையும் கூப்பிக் கும்பிடுகிறாள். 'குணமடைந்த கைகளால் கண்ணீர் மல்க நன்றி தெரிவிக்கும் எம். புதுப்பட்டி திருமதி அருணாதேவி' என்று அதன் அடியில் போட்டிருந்தது.

சங்கிலிமுத்து படத்தைப் பார்த்தார். அடுப்படியில் இடது கையால் உலையைக் கிண்டிக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"இந்தா அருணா, நீ என்னைக்காவது போயி ஆபரேஷன் பண்ணிக்கிட்டியா?"

"கிறுக்குப் புடிச்சிருச்சா ஒங்களுக்கு?"

"முகாம் முடிஞ்சு போச்சாம். ஒனக்குக் கை சரியாயிருச்சாம். படம் போட்டிருக்காக."

அருணாதேவி வந்து எட்டிப் பார்த்தார். "யாரு இவ? புள்ளை லச்சணமாத்தான் இருக்கா" என்றார். பிறகு அந்தக் கூப்பிய கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். உலை பொங்கி வழிந்தது.

சங்கிலிமுத்து அன்று லோடுக்குப் போகவில்லை. இதழை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தொகுதி அலுவலகத்துக்கு ஓடினார். முகாம் முடிந்துவிட்டதே என்று அவர் குரல் உடைந்து கேட்டபோது ஊர்க்காவலன் சிரித்தார்.

"யாருண்ணே சொன்னா முடிஞ்சு போச்சுன்னு? இனிமேத்தான் நடக்கப்போகுது. இதழு பங்குனியிலயே அடிச்சது. ஒங்களுக்கு விவரம் தெரியாதா?"

சங்கிலிமுத்துவுக்குப் போன உயிர் வந்தது. "நல்லாயிருப்பீக சார். தேதி மட்டும் சொல்லிருங்க. கூட்டிட்டு வந்துருதேன்."

"அது எப்படிச் சொல்ல முடியும்?"

"ஏன் சார்?"

ஊர்க்காவலன் பொறுமையாக விளக்கினார். அவர் பொறுமைசாலி என்பதை ஊரே சொல்லும். "முகாம் முடிஞ்சதுன்னு அண்ணன் கையெழுத்துப் போட்டுத் தொகுதி பூரா அறிவிச்சாச்சு. இப்பம் போயி, இன்ன தேதியில முகாம் நடக்கப்போகுதுன்னு நான் அறிவிச்சா என்ன அர்த்தம்? அண்ணன் பொய் சொன்னாருன்னு அர்த்தம். முடிஞ்சு போனதுக்கு யாராச்சும் தேதி சொல்வாகளா?"

"அப்பம் நடக்கும்போது நோயாளிக எப்படி வருவாக சார்?"

"எதுக்கு வரணும்? அதான் எல்லாருக்கும் குணமாயிருச்சே" என்று ஏழாம் பக்கத்தை விரல் வைத்துக் காட்டினார். "ஒங்க மனுவுக்கும் பதில் வந்திருக்கு பாருங்க. கேட்டவுக பேரையே பலன் அடைஞ்சவுக பேராப் போட்டுருங்கன்னு அண்ணனோட ஏற்பாடு. இதுனால எங்க ஆபீஸ்ல நிலுவைன்னு ஒரு மனு கெடையாது."

சங்கிலிமுத்து வெளியே வந்து ரோட்டில் நின்றார். எதிர்ச்சுவரில் 'தகவல் பெறுவது உங்கள் உரிமை, தருவது அண்ணனின் கடமை' என்று ரத்தினசாமி சிரித்துக்கொண்டிருந்தார். அதற்கடியில் நின்றுதான் ஞானஜோதிக்குப் போன் போட்டார்.

"டாக்டருங்க வேன் உள்ள வந்த ஒடனே ஒங்களுக்கு மிஸ்டு கால் குடுக்கேன். பேசமாட்டேன். எதுவும் சொல்லலைன்னு நாளைக்கு நான் பைபிள் மேல கை வச்சுச் சொல்லணும்ல" என்றார் ஞானஜோதி.

அந்த மிஸ்டு கால் ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தது. இருவரும் சாப்பிடாமல் பஸ் ஏறினார்கள். ஆபரேஷனுக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று ஞானஜோதி முன்பே சொல்லி வைத்திருந்தார். அருணாதேவி கல்யாணத்துக்கு எடுத்த சேலையைக் கட்டியிருந்தார். ஆஸ்பத்திரியில் எதற்கு இந்தச் சேலை என்று கேட்டதற்கு, திரும்பி வரும்போது வழியில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்து எல்லோரையும் போலச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும் என்றார். கட்டுப் போட்ட கையோடு யாரும் சாப்பிட முடியாது என்று அவருக்குச் சொல்ல சங்கிலிமுத்துவுக்கு மனம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் பந்தல், வாழைமரம், மைக் செட் எல்லாம் இருந்தது. நோயாளிகளைத்தான் காணோம். விரித்த கட்டில்களில் ஒருவரும் இல்லை. டாக்டர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இவ்வளவு பெரிய பட்டாசுப் பகுதியில் வெந்த கை ஒன்றுகூட இல்லையா என்று அவர்களில் இளைய டாக்டர் ஒருவர் அசந்துபோய்க் கேட்டுக்கொண்டிருந்தார். அருணாதேவியைப் பார்த்ததும் அவர் எழுந்தே வந்துவிட்டார். கையைப் பிடித்து, ஒவ்வொரு மூட்டாக அழுத்திப் பார்த்தார்.

"இன்னும் இறுகலைம்மா. இன்னைக்கே பண்ணிரலாம். ஒரு மாசத்துல நீங்களே சோறு பிசைஞ்சு சாப்பிடுவீங்க" என்றார்.

அருணாதேவி சங்கிலிமுத்துவைப் பார்த்தார். தை மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்து சங்கிலிமுத்து அன்றைக்குத்தான் பார்த்தார்.

டாக்டர் பெயரைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார். அதில்தான் வந்தது வினை. ஞானஜோதி திரையைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார். தொகுதி அலுவலகம் புரட்டாசி பிறந்த அன்றே ஏழாம் பக்கத்தை அரசுக்கு அறிக்கையாக அனுப்பி, அதில் உள்ள பெயர்களுக்கெல்லாம் மருத்துவக் காப்பீட்டுக் கணக்கில் அறுவை சிகிச்சை முடிந்துவிட்டதாக ஏற்றிவிட்டிருந்தது.

"முடியலையே, கை இந்தா இருக்கே!" என்று டாக்டர் அருணாதேவியின் கையைத் தூக்கிக் காட்டினார்.

ஆஸ்பத்திரிக்குப் பெரியவரான தலைமை டாக்டர் வந்தார். அவர் கையைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தார். "இந்தப் பேருக்குச் சிகிச்சை முடிஞ்சிருச்சு. குணமானவங்களுக்கு மயக்க ஊசி போட்டு நாளைக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா, எந்த நோய்க்குப் போட்டேன்னு கேப்பாங்க. யாரு பதில் சொல்றது?" டாக்டர் சத்தம் போட்டார். மயக்க மருந்து கொடுப்பவர் ஏற்கெனவே கையுறையைக் கழற்றி வைத்துவிட்டார். எம்.எல்.ஏ. ஒரு வார்த்தை சொன்னால் நடக்கும் என்றார் பெரியவர்.

எம்.எல்.ஏ. வந்தார், பச்சைத் துண்டோடு. அவருக்குப் பின்னால் கட்சிக்காரர்கள் வந்து பந்தலை நிரப்பினார்கள், வேனிலிருந்து பயனாளிகள் இறங்கினார்கள். எல்லோரும் தங்கச்சாமி அச்சகத்தில் தாள் மடிக்கிற பெண்கள். யாருக்கும் கையில் ஒரு கீறல் இல்லை. அதில் கீர்த்திகா என்ற பெண்ணை சங்கிலிமுத்து பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டார். பத்து நாளாகச் சட்டைக்குள் வைத்துத் திரிகிற முகம் அல்லவா?

ரத்தினசாமி மைக்கைப் பிடித்தார். "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே! மற்ற தொகுதிகளில் ஒன்று நடந்தால், நடந்து பல நாள் கழித்துத்தான் மக்களுக்குத் தெரிகிறது. என் தொகுதியில் மட்டும்தான் நடப்பதற்கு முன்பே, நடந்து முடிந்தது என்று தெரிகிறது! இந்த வேகம் இந்தியாவில் எவனுக்கு உண்டு? சிலர் கேட்கிறார்கள், ரத்தினசாமி செய்தியை மட்டும்தான் தருகிறானே என்று. நான் கேட்கிறேன், செய்தியைக்கூடத் தராதவனுக்கு நீங்கள் எத்தனை தடவை ஓட்டுப் போட்டீர்கள்? நான் அப்படிப்பட்டவன் அல்ல. உங்களுக்கு ஒன்றைச் செய்யாவிட்டால்கூட, செய்ததாக முதலில் உங்களுக்குத்தான் தெரிவிப்பேன். உங்களுக்குத் தெரியாமல் என் வாழ்க்கையில் நான் எதையும் செய்யாமல் இருந்ததில்லை!"

கைதட்டல் எழுந்தது. ஊர்க்காவலன் மைக்கில், "குணமடைந்த கைகளால் நன்றி தெரிவிக்க எம். புதுப்பட்டி அருணாதேவி அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்" என்றார்.

அருணாதேவி எழுந்துவிட்டார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், எழுந்தார். வேறு என்ன செய்வது? ஊர்க்காவலன் ஓடி வந்து தோளை அழுத்தி உட்கார வைத்தார். "நீங்க இல்லம்மா. படத்துல இருக்கிறவுகதான் வரணும். வீடியோவும் படமும் ஒத்துப் போகணும்ல." கீர்த்திகா மேடை ஏறினாள். கையைக் கூப்பினாள். "எல்லாரும் நல்லாக் கை தட்டுங்க!" என்று மைக் கத்தியது. அருணாதேவியைச் சுற்றி எல்லோரும் தட்டினார்கள். அவர் மூடிய கையை முந்தானைக்குள் இழுத்து வைத்துக்கொண்டு மேடையில் நின்ற தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தட்டுங்கண்ணே, கேமரா இங்கன திரும்புது" என்றார் ஊர்க்காவலன். சங்கிலிமுத்து தட்டவில்லை. விறுவிறுவென்று நடந்துபோய், மேடையிலிருந்து இறங்கிய ரத்தினசாமியின் முன்னால் மனைவியை நிறுத்தி, அந்தக் கையை வெளியே எடுத்துக் காட்டினார்.

"அய்யா, இதுதான் அருணாதேவி. இதுதான் அந்தக் கை. ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா. டாக்டரு இருக்காக, கட்டில் இருக்கு. இன்னைக்கு விட்டா எம் பொண்டாட்டி கை போயிரும்யா."

ரத்தினசாமி குனிந்து கையைப் பார்த்தார். ஊர்க்காவலன் நீட்டிய இதழைப் பார்த்தார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது.

"ஏன் தாயி, படத்துல நல்லா இருக்கே?" என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. "அச்சுல தப்பு நடந்திருந்தா திருத்தம் போட்டுருவோம். ஊர்க்காவலா, தங்கச்சிக்குத் திருத்தம் குறிச்சுக்கோ. நம்மகிட்ட ஒளிவு மறைவு கெடையாது" என்று சொல்லிவிட்டு அவர் கார் ஏறினார். சாயங்காலம் டாக்டர்களின் வேன் கிளம்பியது. அந்த இளைய டாக்டர் சன்னல் வழியே கடைசிவரை அருணாதேவியைப் பார்த்துக்கொண்டே போனார். கீர்த்திகா அச்சக வேனில் ஏறுவதற்கு முன் ஓடி வந்து, "அக்கா, அன்னைக்குக் கும்பிடுங்கன்னாக, கும்பிட்டேன். யாரு பேரைப் போடுவாகன்னு சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா" என்றாள். அருணாதேவி அவளுடைய விரல்களைத் தடவிப் பார்த்தார்.

திரும்பி வரும் வழியில் ஓட்டல் இருந்தது. இருவரும் நிற்கவில்லை.

திருத்தம் எப்போது வரும் என்று சங்கிலிமுத்து மாதா மாதம் போய்க் கேட்டார். மீதி இதழ்கள் எல்லாம் அடித்துக் கட்டிக் கிடப்பதால் அடுத்த பங்குனியில்தான் முடியும் என்றார்கள். பங்குனி வந்தது. ஞானஜோதி அருணாதேவியின் கையை அழுத்திப் பார்த்துவிட்டு, "இறுக ஆரம்பிச்சிருச்சு. ரெண்டு வெரலாச்சும் மிஞ்சும். இந்தத் தடவை விட்டா அம்புட்டுத்தான்" என்றார். அதே வாரம் ஊர்க்காவலனே போன் செய்து, திருத்தத்துக்குப் படம் எடுக்க வேண்டும், இருவரும் கல்யாண மண்டபத்துக்கு வாருங்கள் என்று கூப்பிட்டார்.

மண்டபத்தில் அடுத்த வருடம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ஒரு மூலையில் மார்கழிக் குளிருக்குப் போர்வை வழங்கிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் தைப் பொங்கல் பொங்கிக்கொண்டிருந்தது. தங்கச்சாமி விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க, சாப்பிட்டீகளா?" என்று ஊர்க்காவலன் அன்பாக வரவேற்றார். "ஒங்க விஷயத்தை அண்ணன் ராத்திரி பகலா யோசிச்சாக. திருத்தம் போட்டா, போன வருசம் போட்டது தப்புன்னு ஆகும். அதுக்குத் தேவையில்லாம ஒரு நல்ல வழி கண்டுபிடிச்சிருக்காக. குணமானவுகளுக்குத்தானே சிகிச்சை குடுக்க முடியாது? காயம்பட்டவுகளுக்குக் குடுக்கலாம்ல? அதனால வர்ற ஆவணியில ஒங்களுக்கு இன்னொரு விபத்து போட்டுர்றோம். புரட்டாசியில முகாம். கம்ப்யூட்டர்ல புதுசா ஏத்திரலாம். ஆபரேஷன் பண்ணிரலாம்."

சங்கிலிமுத்துவுக்குத் தலை சுற்றியது. ஆனால் எப்படிச் சுற்றி வந்தாலும் கடைசியில் ஆபரேஷன் இருந்தது. "நெசமாப் பண்ணுவாகளா சார்?" என்று மட்டும் கேட்டார். அச்சடித்துவிட்டால் மாறாது என்றார் ஊர்க்காவலன்.

அருணாதேவியை ஒரு கட்டிலில் படுக்க வைத்தார்கள். வெந்த கையை முந்தானைக்குள்ளிருந்து எடுத்து வெளியே நன்றாகத் தெரியும்படி வைக்கச் சொன்னார்கள். அழச் சொன்னார்கள். மூன்று தடவை எடுக்க வேண்டியிருக்கவில்லை. ரத்தினசாமி பக்கத்தில் நின்று, மஞ்சள் துண்டோடு, ஆறுதல் சொன்னார்.

படம் எடுத்து முடிந்ததும் பக்கம் எப்படி வரும் என்று தங்கச்சாமி கம்ப்யூட்டரில் காட்டினார். ஒன்பதாம் பக்கம். 'ஆவணி மாத ஆலை விபத்தில் காயமடைந்த திருமதி அருணாதேவிக்கு நேரில் ஆறுதல்' என்று படம் இருந்தது. அதற்குக் கீழே, 'இவ்விபத்தில் உயிரிழந்தோருக்குக் கண்ணீர் அஞ்சலி' என்று இருந்தது. அதற்கும் கீழே புள்ளிக்கோடுகள். முதல் வருடம் இடம் போதாமல் போனதால் இந்த வருடம் கூடுதலாகவே விட்டிருந்தார் தங்கச்சாமி.

அருணாதேவி அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"சார், இந்த விபத்து எந்தக் கம்பெனியில நடக்குது?"

"கம்பெனி பேரு போட மாட்டோம்மா. அவுகளும் நமக்கு வேண்டியவுக."

"என்ன தேதின்னாவது சொல்லுங்க. ஆவணியில எந்த நாளு?"

"எதுக்கும்மா?"

"இவுக அங்கனதான் லோடு ஏத்தப் போறாக" என்று அருணாதேவி கணவரைக் காட்டினார். "அன்னைக்கு மட்டும் போக வேண்டாம்னு சொல்லிருவேன். பக்கத்து வீட்டுப் புள்ளைகளும் போகுதுக. அதுககிட்டயும் சொல்லிருவேன் சார்."

ஊர்க்காவலன் தங்கச்சாமியைப் பார்த்தார். தங்கச்சாமி விசிறியைக் கீழே வைத்துவிட்டு அச்சகத்துக்குப் போன் பேச எழுந்து போனார்.

"அதெல்லாம் முன்கூட்டிச் சொல்ற வழக்கம் இல்லம்மா. எந்தத் தகவல்னாலும் மொறைப்படி இதழ்லதான் வரும். ஆவணி ஒண்ணாந்தேதி ஒங்க வீட்டு வாசலுக்கே வந்துரும்" என்றார் ஊர்க்காவலன்.